முதலாளி காட்டிய நுவரெலியா

என்னைப் பெண் பார்த்தது வீட்டில் இல்லை, ஓடுகிற காரில். சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் ஆட்கள் பெண் பார்க்க வந்தால் பாயை விரிப்பார்கள், வெற்றிலைத் தட்டை வைப்பார்கள், பெண் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். கால் மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும். என்னை மூன்று மணி நேரம் பார்த்தார்கள். அதுவும் மலை ஏற்றி, மலை இறக்கி, மழையில் நிறுத்திப் பார்த்தார்கள்.

பார்த்தவர் நுவரெலியாக் கடைத்தெருவில் பெரிய மளிகைக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி. மாப்பிள்ளை அவருடைய தம்பி மகன். தம்பி குடும்பம் இந்தியாவில் இருந்தது. பையன் மட்டும் சின்ன வயதிலேயே கப்பலேறி வந்து பெரியப்பாவின் கடையில் வளர்ந்தவர். ஆகவே பார்ப்பதும் முதலாளி, சரி என்பதும் வேண்டாம் என்பதும் முதலாளி. முறைப்படி அவர்தான் எங்கள் தோட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். அங்கெல்லாம் அட்டை கடிக்கும் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். நீங்கள் வாருங்கள், கோயிலில் சந்திப்போம், வாடகைக் கார் பிடித்து ஊரையும் சுற்றிக் காட்டுகிறேன் என்றார். அட்டைக்குக் கடை முதலாளியின் ரத்தம் மட்டும் தனி ருசியா என்ன! தோட்டத்து வீட்டில் வந்து உட்கார மனசில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அப்பா அங்கே கணக்கப்பிள்ளை; மலையில் கொழுந்தெடுக்கும் ஆட்களை மேய்க்கிற உத்தியோகம். கடைக்காரர்களும் நாங்களும் ஒரே திருச்சிப் பக்கத்து ஆட்கள்தான். விசாரித்துக்கொண்டு போனால் எங்கேயாவது ஒரு சொந்தம்கூடக் கிடைக்கும். ஆனால் கப்பலை விட்டு இறங்கி ஒருவர் கடைத்தெருவுக்கும் ஒருவர் தோட்டத்துக்கும் போன பிறகு, கடைத்தெரு மேலே, தோட்டம் கீழே என்று ஆகிவிட்டது. எனக்கு வந்த இரண்டு வரன்கள் அப்படித்தான் தட்டிப் போயின. தோட்டத்துப் பெண், நாலு பேர் நடுவில் நடந்துகொள்ளத் தெரியாது என்றார்களாம். எனக்கு அப்போது இருபது வயது. அந்தக் காலத்தில் அது பெரிய வயது.

இந்த மூன்றாவது வரன் எனக்கு வேண்டியிருந்தது. இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? அந்தப் பையனை நான் முன்பே பார்த்திருந்தேன். தீபாவளிச் சாமான் வாங்க அம்மாவோடு அந்தக் கடைக்குப் போனபோது, “வாங்கம்மா, ஒக்காருங்க” என்று ஒரு முக்காலியை அம்மா பக்கம் தள்ளினார். எந்தக் கடையிலும் எங்களை உட்காரச் சொன்னது கிடையாது. “என்னா வேணும்?” என்பதோடு சரி. அம்மா உட்காரவில்லை, பயந்துபோய் நின்றுகொண்டே இருந்தாள். நான்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் மனசு அங்கேயே தங்கிவிட்டது.

எங்கள் வீட்டின் கவலை அப்பாவைப் பற்றியது. தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் யாராக இருந்தாலும் குடையை மடக்க வேண்டும், தலைப்பாகையை எடுக்க வேண்டும், பாதையை விட்டு, ஓரத்தில் தண்ணீர் ஓடும் கானில் இறங்கி நிற்க வேண்டும். வண்டியில் போனால் வண்டியை விட்டு இறங்க வேண்டும். மழை கொட்டினாலும் அதுதான் சட்டம். அப்பாவுக்கு இருபது வருடப் பழக்கம் அது. தூரத்தில் ஒரு தொப்பி தெரிந்தால் போதும், கை தானாகக் குடையை மடக்கிவிடும். முந்தின வரன்காரர்கள் சிரித்ததும் இதைப் பார்த்துத்தான். அதனால் மலைமேல் ஓடும் சின்ன ரயிலில் நுவரெலியாவுக்கு வரும்போதே அம்மா எனக்கும் அப்பாவுக்கும் கட்டளை போட்டுவிட்டாள்.

“இந்தா, நீ வாயத் தொறக்கக் கூடாது. நீங்க வண்டிய விட்டு எறங்கக் கூடாது. ரெண்டு பேரும் இத மட்டும் செஞ்சீங்கன்னா போதும், பொண்ணு கர சேந்துருவா.”

“டவுனுல எவன்டி எறங்குவான்? எனக்குத் தெரியாதா?” என்றார் அப்பா. பிறகு என் பக்கம் குனிந்து, “என்னால ஒனக்கு இந்த எடம் தட்டிப் போயிரக் கூடாது ஆத்தா” என்றார். எனக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோயிலில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் கார் நின்றது. துணிக் கூரை போட்ட நீளமான கார். முன்னால் டிரைவரும் மாப்பிள்ளையும். நடுவில் இரண்டு மடக்கு நாற்காலி. ஒன்றில் முதலாளி, ஒன்றில் அப்பா. பின்னால் அம்மாவும் நானும். எனக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் முதலாளியின் பெரிய தலைப்பாகை இருந்தது. மூன்று மணி நேரத்தில் நான் கண்டது மாப்பிள்ளையின் வலது காதை மட்டும்தான். நல்ல காது.

சீசன் முடிந்த வைகாசி மாதம். குதிரைப் பந்தயத்துக்கு வந்த கூட்டமெல்லாம் கொழும்புக்கு இறங்கிவிட்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் நூறு வருடமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய அந்த மேட்டுப் பகுதி முழுக்க எங்களுக்கென்றே காலி செய்து வைத்த மாதிரி இருந்தது. முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“அந்தா தெரியுது பாருங்க மணிக்கூண்டு, அதுதான் தபாலாபீசு. அங்கன உள்ள பெரிய ஐயா வூட்டுக்கு நம்ம கடை பருப்புதான். வேற பருப்பு அவுங்களுக்கு எறங்காது.”

நாங்கள் அண்ணாந்து மணிக்கூண்டைப் பார்த்தோம். சிவப்புச் செங்கல்லில் எவ்வளவு அழகான கட்டடம்! எந்தக் காலத்தில் கட்டினார்கள், யார் கட்டினார்கள் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. வாயைத் திறக்கக் கூடாதே. முதலாளி பருப்போடு அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

“இது கிளப்பு. தொரமாருங்க மட்டுந்தான் உள்ள போவலாம். இங்க உருளக்கெழங்கு நம்மளது. இது பெரிய ஓட்டலு. இங்க சீனி, மாவு. இந்தாண்ட தெரியுறது வெள்ளக்காரவுங்க கோயிலு. ஏசுசாமிக்கு ஏத்துறது நம்ம கடை மெழுகுவத்திதான்.”

அந்தத் தேவாலயத்தைச் சுற்றிப் பழைய கல்லறைகள். பாசி பிடித்த சிலுவைகள் மழையில் பளபளத்தன. இதற்கு என்ன சொல்லப்போகிறார் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். மனிதர் சும்மா விடவில்லை.

“அந்த ஓரத்துல புதுசாத் தெரியுதே கல்லு, அந்தத் தொர ரொம்ப நல்ல மனுசன். சாவுறதுக்கு மொத நாளு நம்ம கடையிலதான் ஒரு டின்னு பிஸ்கோத்து வாங்கியாரச் சொன்னாரு.”

பிஸ்கோத்துத் தின்றுதான் செத்தார் என்று நாங்கள் நினைத்துவிடக் கூடாதே என்று தோன்றியிருக்க வேண்டும், அடுத்த கணம், “காய்ச்ச கண்டு செத்தாரு” என்று சேர்த்துக்கொண்டார். மாப்பிள்ளையின் காது மெல்ல அசைந்தது. சிரிக்கிறார் என்று தெரிந்தது. எனக்கு உள்ளே குளிர்ந்துபோயிற்று. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன், அம்மா அதை மரியாதை என்று நினைத்து மகிழ்ந்தாள்.

கார் மேட்டில் முனகிக்கொண்டு ஏறியது. இரண்டு பக்கமும் சைப்பிரஸ் மரங்கள், ரோஜாத் தோட்டங்கள், புகைபோக்கி வைத்த பங்களாக்கள். அப்பா மெய்மறந்து பார்த்துக்கொண்டு வந்தார். மெதுவாகக் கேட்டார்.

“இந்த பங்களாவெல்லாம் உள்ள எப்புடிங்க இருக்கும், மொதலாளி?”

முதலாளி கொஞ்சம் யோசித்தார். “குசினி நல்லாப் பெருசா இருக்கும்” என்று சமையலறையைச் சொன்னார். பிறகு, “நாம பின்வாசல் வரைக்கும்தானே போறது” என்றார். அந்த ஒரு நிமிடம் அவரை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் விட்டதைப் பிடிக்கிற மாதிரி உடனே குரலை உயர்த்தினார். “ஆனா ஒண்ணு சொல்றேன் கணக்கப்பிள்ள, தொரசாணி காரு நம்ம கடை முன்னால வந்து நின்னுச்சின்னா, வேலக்காரன விடமாட்டேன். நானே கல்லாவ விட்டு எறங்கி, கொடைய எடுத்துக்கிட்டு ஓடுவேன். எம் மொகத்தப் பாத்துத்தான் அது லிஸ்டையே குடுக்கும்.”

மேட்டு உச்சிக்கு வந்தபோது பனிமூட்டம் இறங்கியது. நுவரெலியா மூட்டம் சொல்லிவிட்டு வராது. கண் சிமிட்டுவதற்குள் மரமும் இல்லை, மலையும் இல்லை. தூறலும் சேர்ந்துகொண்டது. டிரைவர் காரை நிறுத்தி, “இங்கேருந்து பாத்தா கொளம் முழுசும் தெரியும்ங்க” என்றார். குளம் இருந்த திசையில் வெள்ளை மட்டும் தெரிந்தது. முதலாளி அதையும் விடவில்லை. “நாளைக்குத் தெரியும்” என்றார்.

அப்போதுதான் அந்த உருவம் வந்தது. மூட்டத்துக்குள்ளிருந்து முதலில் ஒரு நாய். காது தொங்குகிற சீமை நாய். நாய்க்குப் பின்னால் ஒரு தொப்பி, முழங்கால்வரை தொங்கும் கோட்டு, கையில் பிரம்பு.

நான் அம்மாவைப் பார்ப்பதற்குள் அப்பாவின் நாற்காலி காலியாகிவிட்டது. கதவைத் திறந்ததும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. ரோட்டோரக் கானில் கணுக்கால் தண்ணீரில் நின்றார். விரிக்காத குடையை இன்னும் இறுக்கி மடக்கிக்கொண்டார், தலைப்பாகையைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். “சலாங்க தொர” என்றார்.

தொப்பிக்காரர் திடுக்கிட்டு நின்றார். சட்டென்று அவரும் தொப்பியைக் கழற்றினார். அவரும் கானில் இறங்கினார். தூறலில் இரண்டு பேரும் எதிரெதிரே குனிந்து நிற்கிறார்கள். நாய் மட்டும் ரோட்டில் நிமிர்ந்து நின்றது.

“ஐயா, நான் தொர இல்லீங்க. இந்த பங்களா அப்புங்க” என்றார் அவர். சமையல்காரர்! துரை கழித்துக் கொடுத்த பழைய கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு துரைசாணியின் நாயை நடத்திக்கொண்டு வந்திருக்கிறார். “நீங்க எறங்குனீங்களா, யாரோ பெரியவுங்களாக்கும்னு நானும் எறங்கிட்டேன்” என்றார் பாவம்.

முதலாளி சிரித்தார். எப்படிப்பட்ட சிரிப்பு! மடக்கு நாற்காலி கிறீச்சிட்டது. வெற்றிலைச் சாறு கன்னத்தில் வழிந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அடேயப்பா! குசினிக்காரனுக்கு சலாமா! தோட்டத்துப் புத்தி போவுமா கணக்கப்பிள்ள? நீங்க நாளைக்கு நாயிக்கும் போடுவீங்க!” என்றார். அப்பா நனைந்த காலோடு ஏறி உட்கார்ந்தார். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. என்னைத்தான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கெடுத்துவிட்டேனா என்று கேட்கிற பார்வை.

அந்தப் பார்வை என்னைக் கொன்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வரனாவது, கிரனாவது! அம்மா என் தொடையைக் கிள்ளினாள், கிள்ளியது உறைக்கவே இல்லை.

“மொதலாளி” என்றேன். என் குரலைக் கேட்டு டிரைவர்கூடத் திரும்பினார். “எங்கப்பா தப்பான ஆளுக்கு எறங்கிட்டாருங்க. நீங்க சரியான ஆளு பாத்துக் கொடையோட எறங்கி ஓடுறீங்க. எறங்குறது ஒண்ணுதானுங்களே?”

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்று வாய் மட்டும் திறந்திருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது வரனும் போயிற்று என்று எனக்கே தெரிந்தது. முதலாளி டிரைவர் முதுகில் தட்டி, “திருப்பு வண்டிய. டேசனுக்கு விடு” என்றார். அதன் பிறகு எந்த பங்களாவுக்கு எந்தப் பருப்பு என்று நாங்கள் தெரிந்துகொள்ளவில்லை. என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் மனசு வரவில்லை. இரண்டு நினைப்பும் ஒரே நேரத்தில் இருந்தன, அதுதான் உண்மை.

கார் கீழே இறங்கி ஒரு குறுகிய வளைவுக்கு வந்தது. எதிரே குதிரை. குதிரை மேல் ஒரு துரை. இது நிஜத் துரை. சிவந்த முகம், வெள்ளை மீசை, பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு ஓடி வருகிற குதிரைக்காரன். பாதை போதாததால் டிரைவர் காரை மண் மேட்டோடு ஒட்டி நிறுத்தினார்.

அப்பாவின் முதுகு விறைத்தது. பாதி எழுந்துவிட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, பின்னாலிருந்து அவருடைய கோட்டின் வாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பழைய கோட்டு, தையல் விடுகிற சத்தம் கேட்டது. உதறிவிட்டு இறங்க அவருக்கு ஒரு நொடி ஆகாது. நான் என்ன பெரிய பலசாலியா? அப்பா உதறவில்லை. மெல்ல, மெல்ல உட்கார்ந்தார்.

கார்க் கதவு திறந்தது. இறங்கியவர் முதலாளி.

சேற்றில் செருப்பு புதைய நின்று, தலைப்பாகையைக் கையில் எடுத்துக்கொண்டு, “குட் மார்னிங் சார், குட் மார்னிங்” என்றார். மணி அப்போது பிற்பகல் மூன்றாவது இருக்கும். மழை இப்போது சடசடவென்று பிடித்துக்கொண்டது, அவர் மொட்டைத் தலையில் விழுந்து தெறித்தது. துரையின் கண் குதிரையின் கால் மேலேயே இருந்தது, வழுக்கிவிடக் கூடாதே. இறங்கி நின்றவரையும் அவர் பார்க்கவில்லை, இறங்காமல் இருந்தவரையும் பார்க்கவில்லை. குதிரை காலை எடுத்து எடுத்து வைத்துக் கடந்து போயிற்று.

முதலாளி சொட்டச் சொட்டக் காரில் ஏறினார். யாரும் கேட்காமலே, “கிளப்புத் தொர. வாடிக்கக்காரரு” என்றார். முன்சீட்டில் மாப்பிள்ளையின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. டிரைவருக்கும் தொற்றிக்கொண்டது. “என்னடா சிரிப்பு?” என்று அதட்டினார் முதலாளி. அதட்டும்போதே அவருக்கும் உதடு கோணிவிட்டது. திரும்பி முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார். நான் மடியைப் பார்த்துக்கொண்டேன். இனிமேல் அடக்கமாக இருந்து என்ன பிரயோசனம்!

ஸ்டேஷனில் இறங்கியதும் அப்பாவிடம் சொன்னார். “பொண்ணுக்கு வாயி கொஞ்சம் நீளந்தான் கணக்கப்பிள்ள. யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்.”

அப்படிச் சொன்னால் என்ன அர்த்தமென்று எங்களுக்குத் தெரியும். இரண்டு தடவை கேட்டிருக்கிறோம். அம்மா தலையைக் குனிந்துகொண்டு பிளாட்பாரத்தில் ஏறினாள். அப்போது மாப்பிள்ளை, அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசாதவர், காருக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னார்.

“நான் யோசிச்சிட்டேன் பெரியப்பா.”

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப நான் எதுக்குடா நனைஞ்சேன்?” என்றார். பிறகு அப்பாவின் கையைப் பிடித்து, “ஆவணியில வச்சுக்குவோம்” என்றார்.

சின்ன ரயில் ஆடிக்கொண்டு ராகலைக்குத் திரும்பியது. அம்மாவுக்குச் சந்தோஷமும் கோபமும் ஒரே நேரத்தில் வந்து இரண்டையும் என் மேலேயே கொட்டினாள். “ஒனக்கு வாயா அது? நல்ல வேள, அந்தத் தம்பி கொணமானவரு. நாளைக்கு அங்க போயி இப்புடிப் பேசுனியோ…” என்று தொடர்ந்துகொண்டே போனாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குள் ஆவணி, ஆவணி என்று ஓடிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் சிரித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

வழியில் கந்தப்பளை ஸ்டேஷன் தாண்டியது. அப்பா கோட்டின் பின்தையல் விட்ட இடத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். நான் பிய்த்ததற்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“ஒக்காந்தே இருந்தேன், பாத்தியா ஆத்தா?” என்றார்.

“பாத்தேன்ப்பா.”

“ஒண்ணும் ஆவல.”

அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். அப்பா வெளியே தேயிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களிடம் சொல்கிற மாதிரியும் இல்லை, தனக்குள் சொல்கிற மாதிரியும் இல்லை, “இருவது வருசம்” என்றார். “ஒண்ணுமே ஆவலியே.”

வரன் முடிந்த அன்று நான் அழுதது அதற்குத்தான். கல்யாணச் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அம்மா என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.